உள்ளே: பூஜ்யம்

மூன்று பேரை ஒரே சொடுக்கில் காலி பண்ணிவிட்டு, நிரல்காரர் நிம்மதியாகக் காபியை உறிஞ்சினார். மூவரில் ஒருவர் அவருடைய சொந்தத் தங்கையின் கணவர்.

பதறாதீர்கள். முதலாளிக்குக் கம்பெனியின் பெயர் நீல எழுத்தில் தெரியவேண்டுமாம். நிறத்தை மாற்றி, செயலியை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார், அவ்வளவுதான். திரையில் 'உள்ளே: 3' என்றிருந்தது 'உள்ளே: 0' ஆயிற்று.

அது மருந்துக் கிடங்கின் குளிர் அறைக் கணக்கு. உள்ளே போகிறவர் வாசலில் அட்டையைத் தேய்த்தால், சர்வரில் அவர் பெயருக்கு ஓர் அமர்வு தொடங்கும். வெளியே வந்து தேய்த்தால் முடியும். நாற்பது நிமிடமாகியும் ஆளைக் காணோமென்றால் அமர்வு தானாகவே முடியும். முடிகிற அந்த நொடியில், செத்தவனும் எழுந்து உட்காருகிற மாதிரி சங்கு ஊதும்.

ஆனால் செயலியையே நிறுத்திவிட்டால் அமர்வுகள் மொத்தமும் ஆவியாகிவிடும். முடிந்ததாகக் கணக்கில் வராது, சங்கும் ஊதாது. நிறுத்துமுன் உள்ளே இருப்பவர்களைக் குறித்துவைக்க ஒரு நிரல் எழுதச் சொல்லி ஆறு மாதமாயிற்று. ஆள் வேலை செய்கிற நேரத்தில் யார் நிறுத்தப்போகிறார்கள் என்று தள்ளிப்போட்டவர் இதே நிரல்காரர்.

பாதிக் காபியில்தான் அவருக்கு உறைத்தது. மணி ஒன்று. பூஜ்யத்தைப் பார்த்ததும் காவலாளி குளிர் அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். உள்ளிருந்து திறக்க வழியில்லை, செல்போனும் எடுக்காது. குளிரோ, கொட்டாவி விட்டால் வாய் அப்படியே நின்றுவிடும்.

ஓடினார். ஓடிய வேகத்தில் மூன்று மாடிப் படிக்கட்டும் மூன்றே படிகளாகச் சுருங்கிப்போயிற்று. தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர அவர் தலையில் எதுவும் இல்லை.

"மூணு பேர் உள்ள இருக்காங்க, திறங்க."

"பூஜ்யம்னுதானே சார் காட்டுச்சு?" காவலாளி சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே திறந்தார்.

வெள்ளைப் புகையிலிருந்து இருவர் தள்ளாடி வந்தார்கள். ஒருவருடைய மீசை சீப்பு மாதிரி விறைத்து நின்றது. மூன்றாமவர் கடைசி வரிசையில் என்று கையால் காட்டத்தான் அவர்களால் முடிந்தது. இருவரையும் முதலுதவி அறையில் விட்டுவரச் சொன்னார் நிரல்காரர். மருந்து பாழாகிவிடும், மூன்றாமவரும் வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள் என்றும் சொன்னார்.

காவலாளி அவர்களைத் தாங்கிப் பிடித்தபடி திரும்பி நடந்ததும், நிரல்காரர் ஒரே பாய்ச்சலில் உள்ளே பாய்ந்தார். அட்டையைத் தேய்க்கவெல்லாம் யாருக்குப் பொறுமை?

உள்ளே கூரை முட்டும் அடுக்குகள் இருபது வரிசை. இவர் ஒரு சந்து வழியாகப் போக, தங்கையின் கணவர் இன்னொரு சந்து வழியாகத் தட்டுத்தடுமாறி வெளியே வந்து சேர்ந்தார்.

காவலாளி திரும்பியபோது அவர் வாசலில் உட்கார்ந்து பல் தந்தியடிக்கக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காவலாளி விரல்விட்டு எண்ணினார். போனவர் மூன்று, வந்தவர் மூன்று. திரையிலும் பூஜ்யம். இத்தனை வருடத்தில் கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப்போனதே இல்லை. கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

தன் மச்சானை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றார் பிழைத்து வந்தவர். அவர் மேலே சீட்டுக்குப் போயிருப்பார் என்றார் காவலாளி, சோற்றுப் பாத்திரத்தை மறுபடி திறந்தபடி.

"காதுக்குள்ள என்னவோ டொக்கு டொக்குனு கேட்டுக்கிட்டே இருக்குப்பா."

"குளிர்தான் சார். கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடும்."