தறிக்கூடத்தில் கௌபாய்

"இன்னிக்கும் குதிரைதானா முதலாளி?"

ரிமோட்டும் கையுமாக நின்ற ஜெகநாதனிடம் துர்கா கேட்ட கேள்வியிலேயே காரம் இருந்தது.

தறிக்கூடத்துச் சுவரில் அவர் டிவி மாட்டி மூன்று மாதம் ஆகிறது. ஆரணியில் எத்தனையோ தறிக்கூடம். ஒன்றில் பக்திப் பாட்டு, ஒன்றில் சினிமாப் பாட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு கௌபாய் படம் ஓடுவது இங்கே மட்டும்தான்.

அதிலும் முழுப் படம் கிடையாது. அவர் மகன் ஆகாஷ், துரத்துகிற காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். எதற்குத் துரத்துகிறான், பிடித்தபின் என்ன ஆனது, ஒன்றும் தெரியாது. ஒரு குதிரை ரயிலைத் துரத்தும். பத்துக் குதிரை ஒரு குதிரையைத் துரத்தும். அத்தனை ஓட்டத்திலும் ஒருத்தன் தொப்பிகூடக் கீழே விழாது.

"குதிரைக்கு இன்னாம்மா கொறச்சல்?" என்றார் ஜெகநாதன்.

"ஒருத்தராச்சும் வாயத் தொறந்து பேசறாங்களா அதுல? சீரியல் போடுங்க முதலாளி."

அவள் கவலை அவளுக்கு. தேவிகாபுரம் பஸ்ஸில் கூட வருகிற பெண்கள் எல்லாம் சீரியல் மருமகளைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்கள். இவள் மட்டும் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்துத் தறி கிரண் குரலைத் தாழ்த்தினான். "அவரு போடமாட்டாருக்கா. டக்டக்னு குளம்புச் சத்தம் கேட்டா நம்ம காலு தானா ஜல்தியா மிதிக்கும். பொடவை ரெண்டு நாள் முன்னாடியே ரெடியாயிடும். அதான் அவரு பிளான்."

துர்காவுக்குச் சுருக்கென்றது. டிவி மாட்டிய அன்று 'எங்க முதலாளி தங்கம்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளே அவள்தான். ஏமாந்துவிட்டோமே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதோ பாருங்க முதலாளி. குதிரைய வுட்டு எங்கள வெரட்டறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. சீரியல் போட்டா இருக்கோம். இல்லாட்டி திங்கக்கிழமை ஆறு பேரும் வேற எடம் பாத்துகினு போறோம்."

ஜெகநாதன் முகம் கறுத்தது. கல்யாண சீசன் வேறு. ஆறு தறியும் நின்றால் மனிதர் தலையில் துண்டுதான்.

"ஆறு பேருன்னு நீயே சொன்னா எப்பிடி? சீரியல் வேணுங்கறவங்க கை தூக்குங்க, பாக்கலாம்."

ஐந்து கை சட்டென்று எழுந்தது.

கடைசித் தறி கோபிநாத் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தான். அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஏதோ நல்ல விஷயம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அவனும் தூக்கினான். மற்றவர்களைவிட உயரமாக.

ஜெகநாதன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு ரிமோட்டை துர்கா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சீரியல் அமர்க்களமாக ஆரம்பித்தது. மாமியார் ஒன்று சொல்ல, மருமகள் ஒன்பது சொல்ல, தறிக்கூடமே கொல்லென்று சிரித்தது.

கோபிநாத் திரையைப் பார்த்தான். சிரிக்கிறவர்களைப் பார்த்தான். என்ன என்று துர்காவிடம் கையால் கேட்டான்.

அப்புறம் சொல்றேன் என்று அவளும் கையைக் காட்டினாள். கண் திரையிலேயே இருந்தது.

மறுபடி சிரிப்பு. மறுபடி கேட்டான். மறுபடி கையைக் காட்டினாள்.

மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நெய்ய ஆரம்பித்துவிட்டான். வேலையில்தான் இவனுக்கு என்ன அக்கறை என்று துர்கா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா முதலாளி, குதிரை இல்லாம வேலை ஓடலியா?"

"வேலைக்கு இன்னா, நல்லாவே ஓடுச்சு. குதிரை வந்தாத்தான் எனக்கு பேஜாரு. எந்தக் குதிரை முந்தும்னு ஆறு பேரும் தறிய நிறுத்திட்டு டீ பந்தயம் கட்டிகினு உக்காந்துடுவீங்க."

துர்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தானே? நேற்றுகூட வெள்ளைக் குதிரையை நம்பித் தோற்றது அவள்தான். ஜெயித்தது கோபிநாத். ஒவ்வொரு தறியாகப் போய் நின்று நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டல்லவா டீயைக் குடித்தான்!

"அப்பறம் எதுக்குத்தான் அந்தக் குதிரையவே கட்டிகினு அழுதீங்க?"

ஜெகநாதன் ரிமோட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எட்டு வருசமா கோபிநாத்துக்கு அப்பறம் சொல்றேன், அப்பறம் சொல்றேன்னு கையக் காட்டிகினு இருக்கியே, ஒரு நாளாச்சும் சொன்னியாம்மா? குதிரை ஓடறத அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. அதான்."