சஹனில் ஆறாவது ஆள்

சஹன் வந்து இறங்கிவிட்டது. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கை கழுவும் தண்ணீர்ச் சாடியோடு பக்கத்தில் நிற்கிறேன்.

ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. நடுவில் குவித்த புரியாணி, அதன் மேல் கோழி, ஓரத்தில் கத்தரிக்காய் மோஜு, அச்சாறு. எங்கள் கல்யாணங்களில் ஆறு கையும் ஒரே தட்டில்தான் இறங்கும். ஆறாவது ஆள் வராமல் ஆரம்பிக்க மாட்டார்கள்.

“ராத்தா, வாங்க” என்றாள் என் தங்கை அஸீமா. கல்யாணப் பொண்ணின் உம்மா அவள்தான். இன்றைக்கு அவள் குரலுக்கு இந்தக் கட்டுகஸ்தோட்டை மண்டபமே எழும்பி உட்காரும்.

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு கேஸ்ட்ரிக் வரும். ஒரு கல்யாணம் தப்பாது. பிறகு எல்லோர் கைக்கும் தண்ணீர் ஊற்றுவேன். கைரியா மாதிரி வேலை செய்ய ஆளில்லை என்று பெயர் வாங்குவேன். எல்லாம் முடிந்ததும் சமையல்கட்டில் நின்றபடி தனிப் பீங்கானில் சாப்பிடுவேன்.

வயிற்றில் எனக்கு ஒன்றும் இல்லை. இரத்தத்தில்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. வந்து பன்னிரண்டு வருஷம். என்னைக் கட்டிய மாப்பிள்ளைகூட என்னோடு இவ்வளவு காலம் குடியிருந்ததில்லை.

முதல் இரண்டு வருஷம் நான் மௌத்துக்குத் தயாராகவே இருந்தேன். கலகெதரையில் எனக்கு ஒரு தையல்கடை. வந்த துணியையெல்லாம் அவசர அவசரமாகத் தைத்துக் கொடுத்தேன், பாதியில் உயிர் போய்விட்டால் அவர்கள் பாவம் என்று. மௌத்து வரவில்லை. பெருநாள் ஓர்டர்தான் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் காத்திருந்து காத்திருந்து எனக்கே அலுத்துப்போனது.

இப்போது தினமும் குளிசை, அவ்வளவுதான். கண்டியில் கிளினிக்குக்குப் போனால் டொக்டர் இதைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசுகிறார். மிச்ச நேரமெல்லாம் என் சீனி வருத்தத்துக்கும் எடைக்கும்தான் ஏச்சு. இரத்தத்தில் கிருமி தேடினாலும் அகப்படுவதில்லையாம். சேர்ந்து சாப்பிட்டால் யாருக்கும் தொற்றாது என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் வாய் வலித்துவிட்டது.

எனக்கும் அது நன்றாகத் தெரியும். என் பயம் வேறு. நாளைக்கு விஷயம் வெளியே வந்து, ‘ஐயோ, அன்றைக்கு அவளோடு ஒரே சஹனில் கை வைத்தோமே’ என்று அஸீமாவின் முகம் ஒரு கணம் சுளித்தால், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அஸீமா எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்டைக்கும் கேஸ்ட்ரிக்கா? என்ட மகள்ட கல்யாணத்துலயுமா, ராத்தா?”

பொய் வாய்வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. அவளோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்தப் புரியாணி வாசம் வேறு, அல்லாஹ்வே!

ஆனால் சொல்லாமல் உட்கார எனக்கு மனமில்லை. தெரிந்துகொண்டு அவள் என்னோடு சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

சாடியைக் கீழே வைத்தேன். அவள் காதில் வாயை வைத்து, நோயின் பெயரைச் சொன்னேன். எத்தனை வருஷம் என்று சொன்னேன். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தேன். கல்யாண வீட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அஸீமா என் கையை விட்டுவிட்டாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் சாடியை எடுக்கக் குனிந்தேன்.

முதுகில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது.

“அப்ப அந்தச் சட்டை விஷயம் இல்லையா?” அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “நீங்க முந்தி ஒரு பெருநாளுக்குத் தச்சித் தந்த சட்டய நான் வேற டெய்லர்ட்ட குடுத்துப் பிரிச்சித் தச்சேனே. அது தெரிஞ்சிதான் நீங்க என்னோட ஒரு சஹன்ல இரிக்கிறதில்ல என்டு இவ்வளவு காலமும் நெனச்சிட்டு இருந்தேன்!”

எங்கள் பக்கம் ஒரே சஹனில் உட்கார மறுப்பது ஒருவரோடொருவர் கோபமாக இருப்பவர்கள்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவள் என்னை ஒதுக்கிவிடுவாளோ என்று நான் பயந்து பயந்து ஒதுங்கிய காலமெல்லாம், நான் அவளை ஒதுக்கிவிட்டேன் என்று அவள் அழுதிருக்கிறாள்.

“சோறு ஆறுது, புள்ளயள்!” என்று சஹனிலிருந்து ஒரு மாமி கத்தினார்.

அஸீமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தோளோடு தோள் இடித்தது. பிஸ்மி சொல்லி ஆறு கையும் இறங்கின. கோழியில் பெரிய துண்டாகப் பிய்த்து என் முன்னால் தள்ளினாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவள் சொன்னதன் மறுபாதி எனக்கு மெல்ல ஏறியது. வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

“எந்த டெய்லர்?” என்றேன்.

அஸீமா தலை குனிந்துகொண்டாள்.

“அஸீமா, நான் உன்னத்தான் கேக்குறேன். எந்த டெய்லர்?”

வாயைத் திறக்கவும் அவளால் முடியாது. சஹனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் அள்ள வேண்டும். அவள் முன்னால் இருந்த சோறு கை படாமல் அப்படியே கிடந்தது. அவள் வாய் நிறைய இருந்தது என் பக்கத்துச் சோறு.