முதலில் தூக்கியது

தினசரிகளில் வந்த படக்கதைகளைத் திரவியம் இளவயதிலிருந்தே வெட்டிச் சேர்த்து, கதை வாரியாகக் கட்டி, ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். ஏரி உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்த காலையில் அந்தப் பெட்டியைத்தான் முதலில் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். நடக்க முடியாத மனைவி லீலாவதி கட்டிலில் இருந்தாள். “இதோ வந்துடறேன்” என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

திரும்பி வந்தபோது பீரோ மிதந்து வந்து அறைக்கதவை உள்ளிருந்து அடைத்திருந்தது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. அவள் கூப்பிடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு காசிம் மாடி தாவி வந்து கதவை உடைத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கழுத்தளவுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தவளை இருவருமாக மேலே தூக்கி வந்து மழை படாமல் மாடிப்படியின் மேல்கூரைக்கு அடியில் கிடத்தினார்கள்.

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

“காய்ஞ்ச துணி ஏதாவது இருக்கா மாமா?” என்றான் காசிம்.

எதுவும் இல்லை. திரவியம் பெட்டியைத் திறந்தார். கட்டுகளைப் பிரித்து அவளைத் துடைத்தார். நெஞ்சிலும் பாதத்திலும் அடுக்கடுக்காகச் சுற்றினார்.

“வேணாங்க, கிழியுது” என்றாள் லீலாவதி.

நனைந்ததை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பெட்டியின் அடி தெரியத் தொடங்கியது. அவள் நடுக்கம் மெல்லக் குறைந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“கண்ணை மூடாத லீலா, என்னைப் பாரு” என்று சொல்லியபடி அடுத்த கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்தார்.