மூன்றாம் நம்பர் கோட்டு

"நீ வாயத் தொறந்து ஒண்ணுமே சொல்லலையா?"

மரிவிக் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மகள் சுமிரே குனிந்தபடி காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லலம்மா."

"ஏன்?"

"சும்மாதான்."

மரிவிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பத்து வயசாகிறது, இப்படியா வாயில்லாப் பூச்சியாக இருப்பாள் ஒருத்தி?

ஜப்பானில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் அது. சுமிரேயின் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பிள்ளைகள். மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளேதான் பரிமாற வேண்டும். ஒரு வாரம் ஆறு பேர், அடுத்த வாரம் மற்ற ஆறு பேர். போட்டுக்கொள்ளப் பள்ளிக்கூடத்தின் ஆறு வெள்ளைக் கோட்டுகள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை கொண்டுவந்துவிட வேண்டும். மூன்றாம் நம்பர் கோட்டு சுமிரேவுக்கும் ரிக்காவுக்கும் மாறி மாறி வரும்.

இந்தத் திங்கட்கிழமை அது ரிக்காவின் முறை. அவள் கோட்டை மாட்டும்போது பின்னால் நின்ற பையன், "எங்கேர்ந்தோ பூண்டு வாடை அடிக்குதே" என்றானாம். உடனே ரிக்கா கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாளாம்.

"இது சுமிரே வீட்டு நாத்தம். பிலிப்பீன்ஸ் நாத்தம். நான் போட மாட்டேன்."

அன்றிலிருந்து சுமிரே பக்கத்தில் வந்தாலே பையன்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். "ஏய் அரை ஜப்பான், மீதி அரையைக் குளிப்பாட்டிட்டு வா" என்று ஒருத்தன் சொல்ல, வகுப்பே சிரித்ததாம்.

இன்றைக்கு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். பிலிப்பீன்ஸிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த மரிவிக் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிரச்சினை வேண்டாம் என்று பார்க்கிறாராம். அடுத்த வாரத்திலிருந்து சுமிரே மட்டும் வீட்டிலிருந்து தனிக் கோட்டு கொண்டுவர வேண்டுமாம்.

ஐந்து பேர் ஒரே மாதிரி நிற்க, இவள் ஒருத்தி மட்டும் வேறு கோட்டில். ஏற்கெனவே சுருட்டை முடியும் நிறமுமாகத் தனியாகத் தெரிகிற பிள்ளை.

"ரிக்கா வீட்டுக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு" என்றான் கணவன் ஷூஹெய். "அவங்க மனசு வச்சா டீச்சரும் விட்டுடுவார்."

"நாம என்ன தப்பு செஞ்சோம்?"

"தப்பு செஞ்சாத்தான் மன்னிப்புன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் குடித்தனம் பண்ண முடியாது."

மரிவிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. சோப்பு வாசனை தவிர வேறு வாசனை இல்லாமல்தான் அனுப்பினாள். ஆனால் மழைக்காலம், துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்கிறது. தினமும் காலையில் பூண்டு வதக்கிச் சோறு கிளறுகிறவள்தானே நான், ஒருவேளை இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் நல்ல கடையில் ஒரு பெட்டி பலகாரம் வாங்கிக்கொண்டு போனாள். சொல்ல வேண்டியதை வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். மணியடித்தாள்.

கதவு திறந்ததும் முகத்தில் வந்து மோதியது பூண்டு வாசனை. ஒரு கூடைப் பூண்டாவது இருக்கும்.

ரிக்காவின் அம்மா முழங்கை வரை மிளகாய் விழுதோடு நின்றாள். பின்னால் தொட்டி நிறைய ஊறுகாய் போட நறுக்கிய முட்டைக்கோஸ். மேலே கொடியில் ரிக்காவின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"சுமிரேம்மாவா? கூரியர்காரர்னு நெனச்சுத் தொறந்துட்டேன்" என்றாள் திகைத்துப்போய்.

மரிவிக்குக்கு மனப்பாடம் செய்தது மட்டும்தான் வாயில் வந்தது. "எங்க வீட்ல துவைச்ச கோட்டுல பூண்டு வாடைன்னு ரிக்கா சொன்னாளாம். மன்னிச்சுடுங்க."

அந்த அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரிக்காவா சொன்னா?"

"ம்."

ரிக்காவின் அம்மா கையிலிருந்த விழுதை வழித்துத் துடைத்துக்கொண்டாள்.

"அவ அப்பா ஜப்பான்காரர்தான். நான் கொரியா வழி. தாத்தா காலத்துலயே வந்துட்டோம், பேரும் இங்கத்துப் பேருதான். முன்னாடி இருந்த ஊர்ல ரிக்காவை இதே வார்த்தையைச் சொல்லித்தான் விரட்டுனாங்க. அதான் ஏப்ரல்ல இங்க வந்தோம்." அவள் தலை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தாள். "பள்ளிக்கூடத்துல சொல்லிடாதீங்க, சுமிரேம்மா."

மரிவிக்கும் குனிந்தாள். சரி என்று குனிந்தாளா, போய்வருகிறேன் என்று குனிந்தாளா, அவளுக்கே தெரியவில்லை. பலகாரப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வழியில் கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை. பாவப்பட்டுப் பார்த்தாள், அதுவும் முழுசாக வரவில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் பிள்ளை தப்பித்துவிடும். அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் சுமிரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்டி."

பென்சில் நின்றது. "எதுக்கும்மா போனே?"

"டீச்சர்கிட்ட ஒரு விஷயம் சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்."

"சொல்லாதம்மா."

"என்ன விஷயம்னே உனக்குத் தெரியாது. அதுக்குள்ள சொல்லாதங்கிறே."

"தெரியும். அவ துவைச்சுக் கொண்டுவர்ற கோட்டை அடுத்த வாரம் நான்தானே போட்டுக்கிறேன்."

மரிவிக் மகளையே பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

சுமிரே மறுபடி கணக்கில் குனிந்தாள்.

"சொன்னா அவளையும்ல தனியா நிக்க வைப்பாங்க. எனக்காவது பழகிப்போச்சும்மா."