ஐந்து முத்திரைகள்

அப்பா பானெட்டை அறைந்து மூடினார். "வேண்டாம். வா, போகலாம்."

மகள் நகரவில்லை. அவள் வாங்கப் பார்க்கும் மூன்றாவது பழைய வண்டி இது.

முதல் வண்டிக்குச் சர்வீஸ் செய்த சீட்டு எதுவும் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாவதில் யார் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றார். அதனால்தான் வலைவீசித் தேடி இதைப் பிடித்திருந்தாள். ஐந்து வருட வண்டி. ஒரே சொந்தக்காரர். ஐந்து சர்வீஸும் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். அதுவும் அப்பா இருபது வருடம் சூப்பர்வைசராக இருந்து, போன வருடம் ஓய்வுபெற்ற அதே இடத்தில்.

இதற்கு மேல் என்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு?

திங்கட்கிழமை புது வேலை. மலைச்சாலையில் தினமும் நாற்பது கிலோமீட்டர் இறங்க வேண்டும். பிள்ளைகள் காப்பகமும் வேலை பார்க்கும் இடத்தில்தான். பின் சீட்டில் இரண்டு வயது மகன் இருப்பான்.

வண்டிக்காரர் நூலகராக இருந்தவர். சர்வீஸ் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். அதை இரண்டாவது முறையாக நீட்டினார்.

"ஒரு தடவை பாத்துடுங்க சார். ஒரு சர்வீஸ்கூட விட்டதில்ல."

"கையெல்லாம் எண்ணெய்," என்றார் அப்பா. "நான் வண்டியைப் படிக்க வந்தேன் சார், புஸ்தகத்தை இல்ல."

மகளுக்குச் சுருக்கென்று ஏறியது.

"அண்ணன் வாங்கினப்ப டயரை ஒரு உதை விட்டுட்டு சரின்னீங்க. நான் வாங்கினா மட்டும் ஆயிரம் நொட்டை. சொல்லுங்கப்பா, என்ன கொறை இதுல?"

அப்பா பானெட்டை மறுபடி திறந்தார். எதையும் தேடவில்லை. கை நேராகக் காற்று வடிகட்டி இருந்த பெட்டிக்குப் போனது. கிளிப்புகளை நெம்பி, வடிகட்டியை வெளியே இழுத்தார். கரிபிடித்திருந்தது. தட்டியதும் சருகு கொட்டியது.

அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். அச்சடித்த வருடம். வண்டி செய்த அதே வருடம்.

"இதை ரெண்டு தடவை மாத்தினதா புக்குல இருக்கும்."

நூலகர் பக்கங்களைப் புரட்டினார். "ஆமா. ரெண்டு தடவை."

"மாத்தல. வண்டியோட பொறந்தது."

அடுத்து பிரேக் ஆயில் மூடியைத் திருகி, ஒரு வெள்ளைத் துணியின் நுனியை உள்ளே விட்டு எடுத்தார். நுனி கன்னங்கரேலென்று வந்தது.

"இதையும் மாத்தினதா இருக்கும்."

"இருக்கு."

"இந்த ஆயிலோட மலை இறங்கினா, பாதி வழியில பெடல் தரைக்குப் போயிடும். எவ்வளவு மிதிச்சாலும் நிக்காது." அதை அவர் நூலகரிடம் சொல்லவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னார். குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தாள்.

நூலகரின் காதுகள் சிவந்தன. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அரை நாள் விடுப்பு எடுத்து, அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காத்திருந்தவர் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

"அப்ப நான் பொய் சொல்றேன்கிறீங்களா?"

"நீங்க இல்ல சார்." அப்பாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "கழுவித் தொடச்சு, உள்ள வாசனை அடிச்சுக் குடுத்திருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள நாப்பது வண்டி வெளிய போகணும். அதான் அங்க கணக்கு."

"அப்ப, பாத்தேன்னு இதுல கையெழுத்துப் போட்டவன் மனுஷனா சார்?" நூலகர் கத்தினார். வாழ்க்கை முழுவதும் எல்லாரிடமும் சத்தம் போடாதே என்று சொல்லியே பழகிய குரல் பாதியில் கிறீச்சிட்டது. "எந்தப் பய அவன்? நீங்களும் அங்கதான் இருந்தீங்கன்னு பொண்ணு சொன்னாங்களே, உங்ககூட வேலை பாத்தவனாத்தானே இருப்பான்? பாருங்க, பாத்துப் பேரைச் சொல்லுங்க. இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன்."

மூன்றாவது முறையாகப் புத்தகம் நீண்டது. அப்பா குனிந்து பையிலிருந்து வேறொரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மகளின் கோபம் இப்போது திசை மாறியிருந்தது. முகம் தெரியாத எவனோ ஒருவன் பேனாவால் கிறுக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். அதை நம்பிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு இறங்கியிருப்பாள்.

"குடுங்க சார், நான் பாக்கறேன்." கிட்டத்தட்டப் பிடுங்கினாள்.

ஐந்து பக்கம். ஐந்து வட்ட முத்திரை. ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் எதுவோ ஒரு கிறுக்கல்.

முதல் நான்கிலும் ஒரே கையெழுத்து. தூண்டில் முள் போல ஒரு வளைவு. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

அதை அவளால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். எட்டாம் வகுப்பில், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் நிறையும்வரை போட்டுப் பழகியது. கணக்குப் பரீட்சையில் பதினாறு மதிப்பெண். விடைத்தாளில் பெற்றோர் பார்த்ததற்கான இடத்தில் அவளே போட்டாள்.

அன்று மாலையே அப்பா கண்டுபிடித்தார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அவர் அவளை அடித்தது அந்த ஒரு முறைதான்.

"நான் பாக்காததுக்கு என் கையெழுத்தா?" என்று மட்டும் அன்று கேட்டார்.

"தெரிஞ்சவன் கையெழுத்தாம்மா?" என்று நூலகர் கேட்டார்.

அவள் புத்தகத்தை விரித்தபடியே அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் எப்போதோ போயிருந்தது.