ஓரத்திலேயே நின்ற சிறுவன்

கோர்ட்டில் காட்டுவதற்காக ஒரு சிறுவன்மீது கார் மோதிய விபத்தை அனிமேஷனாக்கிக்கொண்டிருந்தார் அனிமேட்டர். சாலையோரத்தில் சிறுவன் நிற்கும் படம் ஒரு கீஃப்ரேம், நடுச்சாலையில் இன்னொன்று. இடையில் அவனை ஓடவைப்பது மென்பொருள்.

வக்கீல் அனுப்பியிருந்த ஓர் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ரெண்டாவதை எடுத்துட்டா?”

“ஓரத்துலயே நிப்பான்மா. ஆனா கோர்ட்டுல அது பொய்யாயிடும்.”

“கோர்ட்டுக்கு இல்லப்பா, எனக்கு.”

அழித்தார். கார் கடந்து போனது. சிறுவன் ஓரத்திலேயே நின்றான்.

“இன்னொரு தடவை போடுப்பா.”

மறுபடியும் போட்டார். அவள் கண் இமைக்கவில்லை.

“பையன் நிக்கிறதைப் பாத்தா கொஞ்சம் ஆறுதலா இருக்காம்மா?”

“என் பையன் அந்தக் கார்ல இருக்கான்பா. அவன்தான் ஓட்டினான். அன்னையிலேருந்து கண்ணை மூட மாட்டேங்கிறான். இதை என் போன்ல ஏத்திக் குடு. பாத்துட்டாவது தூங்கட்டும்.”