நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கையுறை

கையுறையைக் கழற்றிவிட்டான்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி பழைய பக்கத்துக்கே வந்து பார்த்தாள். படக்கதையின் நாற்பத்து மூன்றாம் பக்கம். சந்தேகமே இல்லை, வலது கை வெறுங்கை. முட்டி போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிழவனின் கழுத்தில் அந்தக் கை.

அடப்பாவிகளா.

படத்தில் இருந்தவனைத் திட்டவில்லை. கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்து அவனை வரைந்தவர்களைத் திட்டினாள்.

பதினோரு வருஷமாக அவர்கள் வரைந்து அனுப்புகிறார்கள். சீனியம்மாள் சிவகாசியில் ஒரு அச்சகத்து மாடியில் உட்கார்ந்து, பேச்சு பலூன்களில் இருக்கும் அந்நிய எழுத்தை வெள்ளை மையால் அழித்துவிட்டுத் தமிழ் எழுதுகிறாள். பெண்கள் அரைகுறையாக நின்றால் கறுப்பு மையால் ரவிக்கை போட்டுவிடுவதும் அவள் வேலைதான். எத்தனையோ நீச்சல்காரிகள் அவள் புண்ணியத்தில் மானத்தோடு தமிழ்நாட்டுக்குள் வந்திருக்கிறார்கள்.

இவனுக்குக் கரிக்கண்ணன் என்று பேர் வைத்தவர் அருணகிரி அண்ணாச்சி. முதலாளி, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அவரே.

கரிக்கண்ணன் செத்தவன். நாலு திருடர்கள் சுண்ணாம்புக் காளவாசலில் தள்ளிக் கொன்ற போலீஸ்காரன். எழுந்து வந்துவிட்டான். கண்ணில் கங்கு. வலது கை பட்டால் உயிர் போய்விடும்.

முதல் புத்தகத்தில் ஒரு திருடனைத் தொட்டான். பிறகு அந்த உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் அழுதான். ஒரு பலூன்கூடக் கிடையாது. எழுத வேலை இல்லாமல் அவளும் சேர்ந்து அழுதாள்.

அன்றைக்கு மாட்டினான் கையுறையை.

அப்புறம் அவனைச் சுட்டார்கள். புதைத்தார்கள். கழற்றவில்லை. ஏழாம் புத்தகத்தில் கட்டைவிரல் ஓரம் கிழிந்தபோது, சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், ஊசி நூல் வாங்கித் தைத்துக்கொண்டு வந்தான். அந்தத் தையல் இன்னும் ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது.

என்ன மனுஷன்! தொட்டால் போதும், தொடமாட்டான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நடுவில் இரண்டு பேரைத் தொடாமலே ஜெயிலுக்கு அனுப்பினான். இப்போது கடைசித் திருடன். கிழடாகி, கும்பிட்டுக்கொண்டு கிடக்கிறவன். அவனைப் போய்.

எவனோ புதுசாக எழுத வந்திருக்கிறான். அவனுக்குக் கரிக்கண்ணனைப் பற்றி என்ன தெரியும்?

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தபால் கார்டு இருந்தது. மத்திய சிறை முத்திரை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தவறாமல் எழுதும் மூக்கையாவின் கார்டு.

"அண்ணனைக் கொன்ற இரண்டு பேரில் ஒருத்தனை வெட்டிவிட்டு உள்ளே வந்தேன். இன்னொருத்தன் ஊரில்தான் இருக்கிறான். பத்தாம் தேதி எனக்கு விடுதலை. கை சும்மா இருக்குமா தெரியவில்லை. கரிக்கண்ணன் கையுறையோடு இருக்கும்வரை நானும் இருப்பேன்."

அவள் மைப்புட்டியைத் திறந்தாள்.

விரல் விரலாகக் கறுப்பு ஏற்றினாள். நகத்தை மூடினாள். மணிக்கட்டில் மடிப்பு வைத்தாள். இத்தனை வருஷத்தில் எந்த ரவிக்கைக்கும் அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

அண்ணாச்சி படியேறி வந்தது காதில் விழவில்லை.

"என்ன தாயி இது? உடுப்பை மாத்தலாம், கதையில கை வைக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்ல? தெரிஞ்சா அந்த வெளிநாட்டுக்காரன் உரிமையையே பிடுங்கிருவான்."

"கதையில எங்க அண்ணாச்சி கை வச்சேன்? உடுப்புதான போட்டுவிட்டேன்."

அண்ணாச்சி குனிந்து பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் இருந்த கார்டைப் பார்த்தார். அவரும் படித்ததுதான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த பக்கத்தில் கிழவன் தரையில் கிடக்கிறான், கரிக்கண்ணன் எழுந்து நடக்கிறான். அந்த பலூனுக்கு அவர் எழுதி வைத்திருந்த வார்த்தை, "முடிந்தது."

அதை அடித்தார். "மூச்சு இருக்கிறது. பிழைத்துப் போ" என்று எழுதினார்.

முதல் பிரதி எட்டாம் தேதியே சிறைக்குப் போனது.

பத்தாம் தேதி போனது. அந்த மாதம் போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அவள் படியிறங்கி ஓடினாள். பேப்பரில் எந்த ஊர்க் கொலைச் செய்தி வந்தாலும் முதலில் பேரைத் தேடினாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கார்டு வந்தது. ஏதோ ஒரு கிராமத்துத் தபால் முத்திரை.

"புத்தகம் கிடைத்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கையுறையில் கட்டைவிரல் தையலைக் காணோம்."

அவள் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தாள்.

இல்லை. மணிக்கட்டு மடிப்புவரை பார்த்துப் பார்த்துப் போட்டவள், தையலை மறந்துவிட்டிருந்தாள். பாழாய்ப்போனவளே, ஒரு தையல். நாலு கோடு.

நின்றபடியே மீதியைப் படித்தாள்.

"கரிக்கண்ணன் உண்மையில் கழற்றிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். அங்கே யாரோ உட்கார்ந்து எனக்காக மாட்டிவிட்டிருக்கிறீர்கள். யாரென்று தெரியாது, கும்பிட்டுக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சந்தையில் அந்த ஆளைப் பார்த்தேன். தனியாகத்தான் நின்றான். வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, வாங்கப் போன கத்தரிக்காயை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்."